இரும்பு உருளையில் மலை இல்லை

1887-ஆம் ஆண்டின் இறுதியில், பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் தன் இடத்து முற்றத்தில் ஒரு சோதனை செய்தார். கையில் ஒரு வட்ட மரத்தட்டு. அதன் விளிம்பைச் சுற்றி, மெல்லிய ரப்பர்த் தாளை ஒட்டிச் செய்த குழாய். மேலே துணி போர்த்தி ஆணி அடித்து, கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் ஊதியிருந்தார். போட்டிக்கு, மகனின் மூன்று சக்கர சைக்கிளில் இருந்து கழற்றிய கெட்டி ரப்பர்ச் சக்கரம். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிவிட்டார். சைக்கிள் சக்கரம் முற்றத்தின் மறுகோடிக்குப் போகுமுன்பே சாய்ந்து விழுந்தது. காற்றடித்த தட்டு கடைசிவரை ஓடி, கதவில் மோதித் திரும்பியது.

இன்றைய ஆய்வகக்காரர் யாராவது பக்கத்தில் நின்றிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். இரண்டின் எடை ஒன்றா, தள்ளிய வேகம் ஒன்றா, எத்தனை முறை உருட்டினீர்கள்? டன்லப்புக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்தது. அளவீட்டுத் தொல்லைகள் எல்லாம் வித்தியாசம் சிறிதாகும்போதுதான் வரும். இப்போது சந்தையில் உள்ள மலை சைக்கிள் டயர்களுக்குள் வித்தியாசம் மிகச் சிறிது. அதனால்தான் அவற்றைச் சோதிப்பது இவ்வளவு பெரிய பாடாக இருக்கிறது.

காற்று டயருக்கு முதல் காப்புரிமை வாங்கியவர் டன்லப் அல்ல. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் அதை 1845-இலேயே பெற்றுவிட்டார். குதிரை வண்டிகளில் தன் சக்கரத்தை மாட்டி, இழுக்க எவ்வளவு விசை தேவை என்று அளந்தும் காட்டினார். மழமழப்பான கப்பிச் சாலையில் இழுவிசை மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்தது. புதிதாக உடைத்துக் கொட்டிய ஜல்லியின் மீது சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. தரை மோசமாக ஆக ஆக, காற்று டயரின் ஆதாயம் கூடியது. இந்த ஒரு தகவலை மட்டும் பின்னால் வந்தவர்கள் மறக்காமல் வைத்திருந்தால், மலை சைக்கிள் உலகம் டயரைக் கல்லாக ஊதி ஓட்டிய பல ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

மலை சைக்கிள் பிறந்தது கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில். 1976 அக்டோபரில் ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்குப் பக்கத்து மலைச்சரிவில் 'ரீபேக்' பந்தயம் தொடங்கியது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பின்சக்கர பிரேக்கில் இருந்த கிரீஸ் கீழே வருவதற்குள் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும். பந்தயத்தின் பெயரே அதிலிருந்து வந்தது. ஓடியவை 1930, 40-களின் பழைய ஷ்வின் சைக்கிள்கள், இரண்டு அங்குலத்துக்குமேல் தடித்த பலூன் டயர்களுடன். சாலைப் பந்தய சைக்கிளின் ஒல்லி டயர் அங்கே ஒரு வளைவைக்கூடத் தாண்டாது. சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ ப்ரீஸ் முதலானோரிடம் இருந்த ஒரே ஆய்வுக் கருவி நிறுத்துக் கடிகாரம். அந்தச் சரிவில் ஃபிஷரின் சாதனை 4 நிமிடம் 22 விநாடி. ப்ரீஸ் அதற்கு இரண்டே விநாடி பின்னால். அந்த இரண்டு விநாடி ஆளுக்கா, டயருக்கா, அன்றைய ஈரத்துக்கா? கடிகாரத்துக்குத் தெரியாது.

ஆளையும் ஈரத்தையும் கழித்துவிட்டு டயரை மட்டும் அளக்க வேண்டும் என்பதற்காக வந்ததுதான் உருளைச் சோதனை. முக்கால் மீட்டர் விட்டமுள்ள ஓர் இரும்பு உருளையை மோட்டார் சுழற்றும். டயர் மாட்டிய சக்கரத்தை அதன்மேல் ஒரு குறிப்பிட்ட எடையுடன் அழுத்தி வைப்பார்கள். நெதர்லாந்தில் இருந்து பல நூறு டயர்களின் முடிவுகளை வெளியிட்டுவரும் ஒரு சோதனைக்கூடம் 42.5 கிலோ எடையையும் மணிக்கு 28.8 கிலோமீட்டர் வேகத்தையும் வைத்துக்கொண்டிருக்கிறது. விநாடிக்கு எட்டு மீட்டர், கணக்குப் போடச் சுலபம். உருளையை அதே வேகத்தில் வைத்திருக்க மோட்டார் கூடுதலாக எத்தனை வாட் தின்கிறது என்பதே டயரின் உருளல் தடை. நல்ல பந்தய டயர் 20 வாட் பக்கம் நிற்கும். செங்குத்தான இறக்கத்துக்கென்று செய்த, மென்ரப்பர் போட்ட கனமான டயர் 35, 40 என்று போகும். இது ஒரு டயருக்கு. சைக்கிளுக்கு இரண்டு. 200 வாட் மிதிக்கிறவருக்கு 30, 40 வாட் வித்தியாசம் என்பது ஏற்றத்தில் மூச்சிரைக்க வைக்கும் தொகை.

இந்த வாட் எங்கே போகிறது? டயர் தரையைத் தொடும் இடத்தில் சப்பையாகிறது, தாண்டியதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அமுக்கும்போது கொடுத்த ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. வட்டிக்கடைக்காரர் முதலில் பிடித்துக்கொள்ளும் தொகையைப்போல ஒரு பங்கை வைத்துக்கொள்கிறது. அது வெப்பமாகிப் போகிறது. இதற்கு ஹிஸ்டெரிசிஸ் இழப்பு என்று பெயர். டயரின் மேல் துருத்தி நிற்கும் உயரமான, நெருக்கமில்லாத பட்டன்கள், தடித்த பக்கச்சுவர், மென்மையான ரப்பர் எல்லாமே இந்த இழப்பைக் கூட்டும். ரப்பருக்கு உள்ளே நைலான் நூல் பாய்போல் படிந்திருக்கிறதே, அந்தக் கேசிங் மெல்லிசாக இருந்தால் இழப்பு குறையும்.

காற்றைக் கூட்டினால் டயர் குறைவாகச் சப்பையாகும், இழப்பும் குறையும். உருளையில் இதைப் பார்த்துவிட்டு, மலைக்கும் அதுவே விதி என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். கட்டைவிரலால் அமுக்கினால் அமுங்கக்கூடாது என்பது நம் சைக்கிள் கடைகளிலும் எழுதாத சட்டம்தானே. தார்ச்சாலைக்கு அது ஓரளவு சரி.

கொலோனில் உள்ள ஜெர்மன் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடு ஒன்றுக்காக, உருளையை விட்டுவிட்டு, வாட் அளக்கும் கருவி பொருத்திய சைக்கிளைத் தார்ச்சாலை, சரளை, புல்வெளி என்று வெவ்வேறு தரைகளில் ஓட்டி அளந்தார்கள். (உலி ஷோபரர் 1986-இல் எஸ்ஆர்எம் என்ற கருவியைக் கொண்டுவந்த பிறகுதான் இப்படி அளக்கவே முடிந்தது.) தார்ச்சாலையில் உருளை சொன்னதே நடந்தது. காற்று அதிகம் என்றால் தடை குறைவு. புல்வெளிக்குப் போனதும் தலைகீழ். காற்றைக் குறைக்கக் குறைக்க வண்டி லேசாக ஓடியது. அகலமான டயர் ஒல்லி டயரை வென்றது.

காரணம் இரண்டு. ஒன்று மண்ணில் இருக்கிறது. டயர் தரையில் கொடுக்கும் அழுத்தம் ஏறத்தாழ உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமே. பின்சக்கரத்தில் 40 கிலோ இறங்குகிறது, காற்று 40 பிஎஸ்ஐ என்றால், தொடுபரப்பு சுமார் 14 சதுர சென்டிமீட்டர். அதையே 25 பிஎஸ்ஐ ஆக்கினால் கிட்டத்தட்ட 23. அழுத்தம் அதிகமான டயர் மண்ணைக் கீறி இறங்கும். இறங்கிய டயர் தான் வெட்டிய பள்ளத்தில் இருந்து ஒவ்வொரு கணமும் ஏறிக்கொண்டே போக வேண்டும். சமதளத்தில் ஓட்டினாலும் உடம்புக்கு அது ஏற்றம்தான். சக்கரத்துக்கும் மண்ணுக்கும் உள்ள இந்தக் கணக்கைத் தனி அறிவியலாக வளர்த்தவர் போலந்தில் பிறந்த பொறியாளர் மீச்சிஸ்வாஃப் பெக்கர். 1971-இல் அப்போலோ 15 நிலவுக்குக் கொண்டுபோன வண்டியின் கம்பிவலைச் சக்கரத்துக்குப் பின்னாலும் அவர் வேலை இருக்கிறது. சைக்கிள் டயரைப் பற்றிப் பேசும்போது நிலவு வந்துவிடுவது சற்று அதிகப்படிதான், ஆனால் சூத்திரம் அதே சூத்திரம்.

இரண்டாவது காரணம் ஓட்டுகிறவரின் உடம்பில் இருக்கிறது. முட்டை அளவுள்ள ஒரு கல்லின்மீது கல்லாக ஊதிய டயர் ஏறும்போது, கல் வளையாது, டயரும் வளையாது. சைக்கிளும் ஆளும் சேர்ந்து மேலே தூக்கி வீசப்படுகிறார்கள். முன்னோக்கிப் போக வேண்டிய ஆற்றல் செங்குத்தாகத் திரும்பி, தொடையிலும் தோளிலும் குலுங்கி வெப்பமாகத் தீர்கிறது. காற்று குறைந்த டயர் அந்தக் கல்லை விழுங்கிவிடுகிறது. உருளையில் இது ஏன் தெரியவில்லை என்றால், அங்கே உட்கார்ந்திருப்பது ஆள் அல்ல, எடை. எடைக்குத் தசை கிடையாது. அது குலுங்கினாலும் ஆற்றலைச் சாப்பிடாது. உருளைமேல் முட்டுமுட்டான இரும்புத் தகடு ஒட்டிச் சுழற்றுவது உண்டு. அப்போதும் ஆற்றலை விழுங்கும் அந்த மனித உடம்பு அங்கே இல்லை.

அப்படியென்றால் உருளைச் சோதனை பொய்யா? இல்லை. ரப்பருக்குள் நடக்கும் இழப்பை அளக்க அதைவிட நல்ல வழி கிடையாது. ஒரே அகலம், ஒரே அழுத்தத்தில் இரண்டு கேசிங்குகளை, இரண்டு ரப்பர்க் கலவைகளை ஒப்பிட்டால் அது சொல்வதை நம்பலாம். எத்தனை பிஎஸ்ஐ வைப்பது என்று அதனிடம் கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.

வேகத்தைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. பிடிமானம்? இங்கேதான் இயற்பியல் ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குகிறது. உருளலில் ஆற்றலைத் தின்னும் அதே ஹிஸ்டெரிசிஸ்தான் பாறையில் டயரை வழுக்காமல் பிடித்து வைக்கிறது. ரப்பர் பாறையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அமுங்கி, சட்டென்று திரும்பாமல் மெல்ல எழுகிறது. அந்தச் சோம்பல்தான் பிடிப்பு. விலை கூடிய இறக்க டயர் ஒன்றின் பட்டனை நகத்தால் அழுத்திவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். பள்ளம் நிதானமாக நிரம்புவது கண்ணுக்கே தெரியும். சாதாரண டயரில் அது நகத்தோடு கூடவே எழுந்துவிடும். கடைக்காரர்கள் ஷோர் ஏ என்ற கடினத்தன்மை எண்ணைச் சொல்வார்கள். 42 என்றால் மெத்து, 60-க்குமேல் கெட்டி. அந்த எண், எவ்வளவு அமுங்கும் என்பதைச் சொல்லும். எவ்வளவு நிதானமாகத் திரும்பும் என்பதைச் சொல்லாது. பிடிமானத்துக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

இதைச் சோதனையில் பிரித்துக் காட்டியவர் ரப்பர் ஆய்வாளர் க்ரோஷ். 1963-இல் வெளியான அவருடைய ஆய்வில் ரப்பர்த் துண்டுகளைக் கண்ணாடியிலும் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான பரப்பிலும் மிக மெதுவாக இழுத்தார். உறைகுளிரில் இருந்து கொதிநிலைக்கு அருகில்வரை வெப்பத்தை மாற்றினார். வேகத்தைக் கூட்டுவதும் வெப்பத்தைக் குறைப்பதும் ரப்பருக்கு ஒன்றுதான் என்று தெரிந்தது. ஆகவே எல்லா அளவீடுகளும் ஒரே வளைகோட்டில் வந்து உட்கார்ந்தன. சொரசொரப்பான பரப்பில் அந்தக் கோட்டில் இரண்டு மேடுகள் இருந்தன. பரப்பின்மேல் மக்னீசியாத் தூளைத் தூவியதும் ஒரு மேடு காணாமல் போயிற்று. அது ரப்பர் பரப்போடு ஒட்டுவதால் வந்த உராய்வு. மிஞ்சிய மேடு, ரப்பர் அமுங்கித் திரும்புவதால் வந்தது. கோடையில் மாவுபோல் தூசி படிந்த மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் இந்த மக்னீசியாத் தூளைத் தினமும் அனுபவிக்கிறார்கள். டயர் நிறுவனம் பெருமையடிக்கும் ஒட்டுத்தன்மையில் பெரும்பங்கு அங்கே செல்லாக்காசு. பட்டன் எவ்வளவு ஆழமாக மண்ணுக்குள் ஊன்றுகிறது என்பதே பிழைக்க வைக்கும். ஈரப்பாறையிலும் மர வேரிலும் பட்டனுக்கு ஊன்ற இடமில்லை, அங்கே ரப்பர்க் கலவைதான் எல்லாம்.

வேகத்துக்கும் பிடிப்புக்கும் உள்ள இந்தச் சண்டையைத் தீர்க்க ஒரு வழி உண்டு. உருளும்போது ரப்பர் அமுங்குவது மெதுவாக. 29 அங்குலச் சக்கரம் மணிக்கு 20 கிலோமீட்டரில் விநாடிக்கு இரண்டரை சுற்றுதான் சுற்றுகிறது. நுண்மேடுகளில் சறுக்கும்போது ரப்பர் விநாடிக்குப் பல ஆயிரம், பல லட்சம் தடவை அமுங்குகிறது. மெதுவான அமுக்கத்தில் இழப்பில்லாமலும் வேகமான அமுக்கத்தில் இழப்போடும் நடந்துகொள்ளும் ரப்பர் கிடைத்தால் இரண்டும் கைகூடும். 1992-இல் மிஷலின் கார் டயரில் கரிப்பொடிக்குப் பதில் சிலிக்கா கலந்து கொண்டுவந்தது இந்த வழியில்தான். வேதியியலாளர்கள் டயரை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே, ரப்பர்த் துண்டை 60 டிகிரியில் அசைத்துப் பார்த்து உருளல் தடையையும் பூஜ்யம் டிகிரியில் அசைத்து ஈரப்பிடிப்பையும் ஊகித்துவிடுகிறார்கள். அதற்கும் க்ரோஷின் வளைகோடுதான் ஆதாரம்.

மண்ணில் பிடிமானத்தை நேரடியாக அளப்பது வேறு கதை. மிலான் பாலிடெக்னிக் போன்ற இடங்களில் சைக்கிள் டயரைச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டு விசையை அளக்கும் கருவிகள் உண்டு. ஆனால் சமமான பரப்பில் கிடைக்கும் எண்ணை வைத்து வேரும் சேறும் கலந்த ஒரு வளைவைச் சொல்ல முடியாது. கடைசியில் ஓர் ஆளை ஏற்றி விட்டு நேரம் பார்க்க வேண்டியதுதான். ரீபேக் கடிகாரத்துக்கே திரும்பி வந்துவிட்டோம், என்ன, இப்போது அதில் புள்ளியியல் சேர்ந்திருக்கிறது.

அந்தப் புள்ளியியல் இரக்கமில்லாதது. தேர்ந்த ஓட்டுநர் ஒருவர் ஒரே சைக்கிளில், ஒரே பாதையில் திரும்பத் திரும்ப இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நேரங்கள் சராசரியில் இருந்து இரண்டு விநாடி அளவுக்கு அப்படியும் இப்படியும் சிதறும் என்பது தாராளமான கணிப்பு. இரண்டு டயர்களுக்கு நடுவே உண்மையான வித்தியாசம் ஒரு விநாடி. அதை ஓரளவு நம்பிக்கையோடு பிடிக்க, பாடப்புத்தகச் சூத்திரத்தின்படி ஒவ்வொரு டயருக்கும் 60-க்கும் மேற்பட்ட ஓட்டங்கள் வேண்டும். அதற்குள் ஆள் களைத்திருப்பார், வெயில் ஏறியிருக்கும், வளைவில் இருந்த மண் விலகியிருக்கும். பத்திரிகைகளில் வரும் 'மூன்று ஓட்டம், ஒரு வெற்றியாளர்' ஒப்பீடுகளைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அவற்றில் வென்றது பெரும்பாலும் கடைசியாக மாட்டிய டயராக இருந்தால் வியப்பதற்கில்லை, பாதை அதற்குள் மனப்பாடமாகியிருக்கும்.

இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. அ, ஆ என்று இரண்டு டயர் இருந்தால் அ-ஆ-ஆ-அ என்ற வரிசையில் ஓட்டுவது. பழக்கமும் களைப்பும் சீராகக் கூடிக்கொண்டே போனால், இந்த வரிசையில் அவை இரண்டு டயருக்கும் சமமாக விழும். பாதையையும் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் தானாக நேரம் பிடிக்கும் கருவி வைத்தால், ஒரு வளைவில் செய்த பிழை முழு ஓட்டத்தையும் கெடுக்காது.

ஓட்டுகிறவருக்கு எந்த டயர் என்று தெரியக்கூடாது என்பது அடுத்த விதி. மருந்துச் சோதனையில் மாத்திரையை ஒரே நிறத்தில் செய்துவிடலாம். டயரில் பக்கச்சுவர் எழுத்தை ஒட்டுநாடாவால் மறைக்கலாமே தவிர, கண்ணுக்கு நேர் கீழே சுழலும் பட்டன் வடிவத்தை எப்படி மறைப்பது? ஆகவே ஒரே அச்சில் வார்த்த, கலவையோ கேசிங்கோ மட்டும் மாறிய டயர்களைத்தான் உண்மையாகவே கண்ணைக் கட்டிச் சோதிக்க முடியும். காற்றழுத்தத்தையும் அப்படிச் சோதிக்கலாம், மெக்கானிக் வாயைத் திறக்காமல் இருந்தால்.

அந்த மெக்கானிக்கின் கையில் இருக்கும் காற்றளவி நம்பத்தக்கதா என்பதும் கேள்வி. 160 பிஎஸ்ஐ வரை காட்டும் சாதாரணப் பம்பின் முள் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தப்பாகக் காட்டினால் சாலை சைக்கிளில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 20 பிஎஸ்ஐ வைக்கும் மலை டயரில் இரண்டு என்பது பத்து சதவீதம். இரண்டு பிராண்டு டயர்களுக்கு நடுவே பார்க்கும் வித்தியாசத்தை அது தனியாளாக விழுங்கிவிடும். அளவியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் அதற்குள்ளே கொஞ்சம் காற்று போகிறது. நிழலில் அடித்த டயர் வெயிலில் ஏறுகிறது. டயரின் அகலமும் நிலையானதல்ல. புது டயர் ரிம்மில் மாட்டி ஊதி வைத்த ஒரு நாளில் சற்று விரிந்து கொடுக்கும். 2.4 அங்குலம் என்று எழுதியிருப்பதை நம்பாமல் காலிப்பரை வைத்து அளப்பதே உத்தமம்.

பஞ்சர் சோதனைக்கு இத்தனை மனக்கஷ்டம் இல்லை. காற்றடித்த டயரை ரிம்மோடு அசையாமல் பிடித்துவைத்து, மேலே இருந்து எடை கட்டிய இரும்புப் பட்டையைத் தண்டவாளத்தில் இறக்கிவிடுவார்கள். உயரத்தைப் படிப்படியாகக் கூட்டி, எந்த உயரத்தில் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்குவதுபோல் டயர் அறுபடுகிறது என்று குறிப்பார்கள். டியூபில் பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழுவது இந்த நசுங்கலால்தான். 1999-இல் மாவிக், மிஷலின், ஹட்சின்சன் மூன்றும் சேர்ந்து மலை சைக்கிளுக்கு டியூப்லெஸ் முறையைக் கொண்டுவந்த பிறகு அந்த வகைப் பஞ்சர் பெருமளவு குறைந்தது. காற்றைக் குறைத்து ஓட்டும் துணிச்சலும் அப்போதுதான் பரவலாயிற்று. பாதுகாப்பு விதி இன்னும் எளிது. ஐஎஸ்ஓ 4210 தரநிலைப்படி, பக்கச்சுவரில் எழுதிய உச்ச அழுத்தத்தைவிடப் பத்து சதவீதம் அதிகமாக ஊதி ஐந்து நிமிடம் வைத்தாலும் டயர் ரிம்மைவிட்டுக் கழலக்கூடாது.

இந்தச் சோதனைகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மாட்டுவது, அச்சில் இருந்து வந்த ரப்பர் முடிகூட உதிராத புது டயரை. மலையில் அந்த நிலை நீடிப்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது முதலில் தேய்வது பின்டயரின் நடுவரிசைப் பட்டன்களின் விளிம்பு. கூர்மை மழுங்கியதும் மண்ணுக்குள் ஊன்றுவது குறைந்து மேலே வழுக்கத் தொடங்கும். அப்போது உருளல் தடையும் குறைந்திருக்கும், அசையும் ரப்பர் குறைந்துவிட்டதே. உருளையில் வைத்தால் பாதி தேய்ந்த டயர் புது டயரைவிட நல்ல மதிப்பெண் வாங்கும். மென்ரப்பர் டயர் புதிதில் வாங்கிய முதலிடத்தை இரண்டே மாதத்தில் கெட்டி ரப்பர் டயரிடம் இழக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரே டயரைப் புதிதிலும், கால்வாசி தேய்ந்த பின்பும், பாதி தேய்ந்த பின்பும் அதே பாதையில், அதே ஈரத்தில் அ-ஆ-ஆ-அ வரிசையில் ஓட்ட வேண்டும். அதே ஈரத்தில் என்ற நிபந்தனையிலேயே மாதங்கள் ஓடிவிடும். அனுபவசாலிகள் அதற்குக் காத்திருப்பதில்லை. முன்சக்கரம் வழுக்கினால் விழுவது நிச்சயம், பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம் என்பதால், புது டயரை முன்னால் மாட்டி, முன்னால் இருந்ததைக் கழற்றிப் பின்னால் போட்டுக்கொண்டு ஏறிவிடுகிறார்கள்.